டீசல் அக்காவின் சிவப்புத் துணி

அக்கா டீசல் தொட்டியில் முழங்கை வரை கையை விட்டுத் துழாவுகிறார். ஒரு பிஸ்டன் வெளியே வருகிறது. அதன் தலையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டு, "இது நாலாம் நம்பரு" என்கிறார். "நாலாவதுலதான் இந்தப் பக்கமா கரி பிடிக்கும்." பந்தயம் கட்டி இரண்டு முறை தோற்றவன் நான். இப்போதெல்லாம் கட்டுவதில்லை.

பேருந்துப் பணிமனையில் பதினான்கு வருடமாக எஞ்சின் பாகங்களைக் கழுவுகிறார். எங்களுக்கு டீசல் அக்கா. நான் அங்கே நேரக்காப்பாளன். வேளைக்கு மணி அடிப்பதும், மற்ற நேரத்தில் அடுத்தவர் வேலையை வேடிக்கை பார்ப்பதும் என் உத்தியோகம்.

அக்காவின் உதடு சும்மா இருக்காது. "ஒண்ணு, அஞ்சு, மூணு, ஆறு, ரெண்டு, நாலு." ஆறு சிலிண்டர்களில் டீசல் வெடிக்கும் வரிசை அது. சாப்பாட்டு மேசையில் இடது கை விரல்களும் அதே வரிசையில் தட்டும். ஆறாம் நம்பருக்கு மட்டும் சோற்றுக் கையிலிருந்து ஒரு விரல் கடன் வரும்.

வரிசை எஞ்சினுக்கும் வி எஞ்சினுக்கும் என்ன வித்தியாசம் என்று அலுவலகப் பெண் ஒருத்தி கேட்டாள். "ஆறு பேரு வரிசையா உட்கார்ந்து மிதிச்சா வரிசை எஞ்சின். மூணு பேரு இந்தப் பக்கம், மூணு பேரு அந்தப் பக்கம் சாஞ்சுக்கிட்டு மிதிச்சா வி. எப்படி உட்கார்ந்தாலும் மிதிக்கிறது சக்கரத்தைச் சுத்தவைக்கிற ஒரே கிராங்கைத்தான். குடும்பம்னு வெச்சுக்கயேன்."

இன்னொரு பழக்கமும் உண்டு. மெக்கானிக்குகள் இறுக்கி முடிக்காமல் டீ குடிக்கப் போனால், வேலை முடியவில்லை என்பதற்கு அடையாளமாக அந்த போல்ட்டில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார். அவர் வீட்டுக்காரர் தையல்காரர், வெட்டுத்துணிக்குப் பஞ்சமில்லை. "பாதி தைச்ச பேன்ட்டுலகூட கட்டிடறா. ஒரு நாள் என் கழுத்துலயே கட்டுவா பாருங்க" என்று என்னிடம் புலம்பினார். புலம்பலில் பெருமைதான் அதிகம்.

அக்காவின் கைத்தோல் வெடித்துப் புண்ணாகிவிட்டது. இனி அதிக நாள் டீசலில் கை வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மெக்கானிக் தேர்வில் தேறினால் எஞ்சின் பொருத்தும் பிரிவுக்குப் போகலாம். இல்லாவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். மூன்று முறைதான் எழுதலாம். இரண்டு முறையும் நேரம் போதாமல் தோற்றிருந்தார். "இந்த வயசுல எதுக்கு அக்கா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். "வயசு எனக்கா, எஞ்சினுக்கா?"

போன வாரம் மூன்றாவது தேர்வு. மணி அடிக்க நான். ஐந்து பேருக்கு ஐந்து பழைய எஞ்சின். ஆறு பிஸ்டன்களையும் சிலிண்டருக்குள் இறக்கி, அவற்றின் தண்டுகளைக் கிராங்கோடு சேர்த்து மூடி போட்டு, பன்னிரண்டு போல்ட்டையும் அளவாக இறுக்க வேண்டும். நாற்பது நிமிடம். ஒரு தண்டின் மூடி இன்னொன்றுக்குச் சேராது. மாறினால் ஓடும்போது எஞ்சின் இறுகிப்போகும். மூடிகளிலோ எண்கள் தேய்ந்துபோயிருந்தன. மற்ற நால்வரும் கைக்கு வந்ததைப் போட்டு இறுக்கினார்கள். அக்கா ஒவ்வொரு மூடியாக வைத்து, இணைப்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் தட்டினால் எடுத்துவிட்டு அடுத்தது. அதற்கே பதினொரு நிமிடம் போயிற்று.

போல்ட் இறுக்கக் கொடுத்தது, அளவு வந்ததும் 'டக்' என்று சொல்லும் ஸ்பேனர். அக்காவிடமிருந்து பத்து முறை கேட்டேன். இன்னும் இரண்டு. நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. என் கை மணிக்குப் போகவில்லை. அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நேரமாச்சு தம்பி. அடிங்க."

அடித்தேன். தேர்வாளர் தாளும் பேனாவுமாக வரிசையில் வர ஆரம்பித்தார். ஒவ்வொரு எஞ்சினையும் எட்டிப் பார்த்தார். எதிலும் ஸ்பேனர் வைத்துப் பார்க்கவில்லை. கையால் திருகிய போல்ட்டும் இறுக்கிய போல்ட்டும் பார்வைக்கு ஒன்றுதான். சும்மா நின்றிருந்தாலே போதும். வாயைத் திறக்காதே அக்கா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அக்கா வாயைத் திறக்கவில்லை. இடுப்பிலிருந்து சிவப்புத் துணியை உருவி, பல்லால் இரண்டாகக் கிழித்து, மிச்சமிருந்த இரண்டு போல்ட்டிலும் கட்டினார்.