எங்கள் ஒல்லாந்தரும் என் மச்சானும்

என் அம்மா பிறந்த வீட்டைக் கடலூர் முதுநகரில் 'ஒல்லாந்தர் வீடு' என்று சொல்வார்கள். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் போலக் கறுப்பு. டச்சுக் கம்பெனிக் கப்பலில் வந்த ஒரு வெள்ளைக்காரர் இங்கே ஒரு தமிழ்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார், அவர் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. என் மச்சான்தான் கேட்டான். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போனது.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. நான் தாய்மாமன் பெண்ணைக் கட்டியவன். அதனால் அவனும் நானும் ஒரே தாத்தாவின் பேரன்கள். சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பின்னால் குடியிருக்கிறான். இன்சூரன்ஸ் ஏஜெண்ட். புதிதாக யாரைப் பார்த்தாலும் பத்து நிமிடத்தில் அவர் பிறந்த தேதி, பிள்ளைகள் எத்தனை, அப்பா எந்த வயதில் எந்த நோயில் இறந்தார் என்பதையெல்லாம் வாங்கிவிடுவான். வம்சம் தேடுகிறவனுக்கு வேண்டிய குணம் அது என்று முதலில் நானும் நினைத்தேன்.

சில வருடங்களுக்கு முன்னால் அவன் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினான். புவனகிரி, கிள்ளை, சென்னை என்று சிதறிக் கிடந்த சொந்தங்களையெல்லாம் சேர்த்தான். நான் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். அந்த ஒரு காரணத்துக்காகவே என்னை ஆராய்ச்சிப் பொறுப்பில் போட்டான்.

"மாமா, டாக்டருங்க எழுதுறதையே படிக்கிறவரு நீங்க. கோயில் ரெஜிஸ்டர் இன்னா பெரிய விஷயம்?" என்றான்.

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் பழைய கல்யாண, ஞானஸ்நானப் பதிவேடுகள் ஒரு இரும்பு பீரோவில் இருந்தன. கோயில் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் ஒரு சனிக்கிழமை மத்தியானம் எனக்காகத் திறந்தார். எல்லாம் லத்தீன். பூச்சி தின்றது பாதி, புயலில் நனைந்து ஒட்டிக்கொண்டது மீதி. நான்கு சனிக்கிழமை உட்கார்ந்த பிறகு ஒல்லாந்தரின் கல்யாணப் பதிவு கிடைத்தது. அவர் பெயர், அவர் அப்பா பெயர், பெண்ணின் பெயர், பிறகு சாமியார் காதில் விழுந்தபடி எழுதிய ஒரு ஊர்ப் பெயர், அதை அடுத்து 'ஃபிரிசியா' என்று ஒரு சொல். அது ஏதோ காய்ச்சலின் பெயர் என்று ஒரு நாள் முழுக்க நினைத்திருந்தேன். என் வேலை அப்படி.

அது நோயில்லை, நாடு. ஜெர்மனியின் வடமேற்கு ஓரத்தில், ஹாலந்தை ஒட்டினாற்போல, கடல் உள்ளே வராமல் கரை கட்டி வாழும் தாழ்ந்த நிலம். கிழக்கு ஃபிரிசியா. அங்கிருந்து பிழைக்கப் போன பலர் டச்சுக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறார்கள். ஆக எங்கள் ஒல்லாந்தர் ஒல்லாந்தரே இல்லை. இதை நான் குழுவில் எழுதியதும் மச்சான் போன் செய்தான்.

"ஜெர்மன்காரரா மாமா? அப்ப கேப்டனாதான் இருக்கணும்."

"எப்படிடா சொல்ற?"

"ஜெர்மன்காரன் போய் கூலி வேலையா செய்வான்?"

அடுத்த மாதம் அவன் மகள் நர்சிங் முடித்ததற்குச் சிதம்பரத்தில் விருந்து வைத்தான். மண்டப வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர். ஒரு பக்கம் மகள், மறுபக்கம் தொப்பியும் வாளுமாக ஒரு வெள்ளைக்காரர், நடுவில் கப்பல். கீழே 'எங்கள் குலமுதல்வர் கேப்டன்' என்று எழுதி ஒல்லாந்தரின் பெயர். படம் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். நெட்டில் என்றான். யாருடைய படம் என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியப்போவுது மாமா, வுடுங்க. அந்தக் காலத்துல எல்லாரும் இப்படித்தான் இருந்திருப்பாங்க."

அதற்குள் நான் இணையத்தில் ஒரு குழுவில் சேர்ந்திருந்தேன். கிழக்கு ஃபிரிசியாவிலிருந்து வெளியேறியவர்களின் வம்சத்தார் கூடுகிற இடம். பெரும்பாலும் அமெரிக்கர்கள். கடலூரிலிருந்து ஒருவன் எழுதுகிறான் என்றதும் ஒருவர் என்னை மோசடிக்காரன் என்று சந்தேகப்பட்டு, குழுவிலேயே எழுதினார். பதில் சொன்ன ஒரே ஆள் கிழக்கு ஃபிரிசியாவிலேயே இருக்கும் ஒரு அம்மா. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் எழுதிய முதல் வரியே, "ஆதாரம் எங்கே?" என்பதுதான். கடைசி வரை அதேதான் கேட்டார்.

அவர் சொன்னபடி வம்சப் படம் வரையும் ஒரு இணையதளத்தில் எங்கள் விவரங்களை ஏற்றினேன். குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் நகர விடவில்லை. எனக்கு ஏது குடும்பப் பெயர்? முன்னால் அப்பா பெயரின் எழுத்து, பின்னால் என் பெயர், அவ்வளவுதான். புள்ளி வைத்துப் பார்த்தேன், ஏற்கவில்லை. அப்பா பெயரைப் போட்டேன். உடனே நானும் என் மகனும் வேறு வேறு குடும்பம் என்று காட்டியது. கோபத்தில் அந்த அம்மாவுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். எங்களிடம் தலைமுறைக்குத் தலைமுறை கடைசிப் பெயர் மாறும், அது தவறு இல்லை, வழக்கம், உங்கள் கட்டம்தான் தவறு என்று.

அவர் பதில் எனக்கு ஆச்சரியம். அவர்கள் ஊரிலும் முன்பு அப்படித்தானாம். அப்பா பெயர்தான் பிள்ளைக்குப் பின்னால் வரும். அரசாங்கம் கட்டாயப்படுத்திய பிறகுதான் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்களாம். "இப்போது எனக்கு உங்கள் மாலுமியின் அப்பா பெயர் தெரியும். அதை வைத்துத் தேடுகிறேன்" என்று முடித்திருந்தார். இரண்டு மாதமாக மச்சான் ஒல்லாந்தரின் கடைசிப் பெயரோடு உலகம் முழுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தான். ஒருவரும் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். சொன்னேன். அவன் கேட்கவில்லை.

ஆனால் அந்த அம்மா அடுத்த வாரமே இன்னொரு குண்டு போட்டார். "உங்கள் படத்தில் பிழை. உங்கள் அம்மாவின் அண்ணனும் மனைவியின் அப்பாவும் ஒரே ஆளாக வருகிறார். திருத்தவும்." பிழை இல்லை, அவர் என் தாய்மாமன், அவரேதான் மாமனார் என்று எழுதினேன். மன்னிப்புக் கேட்டார். நான்கு நாள் கழித்து, மேல் தலைமுறையிலும் இப்படியே இருக்கிறதே, அதையாவது சரிபார்த்தீர்களா என்று கேட்டார். எனக்குக் கூச்சமாகவும் எரிச்சலாகவும் இருந்தது. கிளை விரிய வேண்டிய மரம் எங்கள் வீட்டில் மட்டும் திரும்பத் திரும்பச் சேர்ந்துகொண்டே இருந்தது. அந்த இணைப்புகளை அழித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

இதற்கிடையே அவர் பேச்சுவாக்கில், தங்கள் ஊரில் டீயில் கற்கண்டு போட்டு மூன்று கோப்பை குடிப்பார்கள் என்று எழுதினார். அதை நான் குழுவில் போட்டது என் தவறு.

"பாத்தீங்களா மாமா," என்று மச்சான் குரல் செய்தி அனுப்பினான். "எங்கம்மா பால்ல கற்கண்டு போடுவாங்களே. எங்கேர்ந்து வந்துச்சு அந்தப் பழக்கம்? ரத்தம் மாமா, ரத்தம்."

இருமலுக்குக் கற்கண்டு போடாத வீடு இந்த ஜில்லாவில் இருக்கிறதா என்று நான் கேட்டதை யாரும் சட்டை செய்யவில்லை. கற்கண்டுப் படங்கள் இரண்டு நாள் ஓடின.

உண்மையான சிக்கல் வேறு. கீழிருந்து மேலே போனால் எங்கள் தாத்தாவின் தாத்தா பாட்டி வரைக்கும் பதிவு இருந்தது. மேலிருந்து கீழே வந்தால் ஒல்லாந்தருக்கு ஒரு மகன், ஒரு மகள் என்று ஞானஸ்நானப் பதிவு இருந்தது. நடுவில் வரவேண்டிய பதிவேடு பீரோவில் இல்லை. கரையான் தின்றதோ, யாராவது எடுத்துப் போனார்களோ, உபதேசியாருக்கும் தெரியவில்லை. "இணைப்பு இல்லையென்றால் அவர் உங்கள் முன்னோர் இல்லை. ஒரே ஊர்க்காரர், அவ்வளவுதான்" என்று அந்த அம்மா எழுதினார். அவர் சொன்னது சரி. அன்றைக்கு எனக்கு அவரையும் பிடிக்கவில்லை.

திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டிலிருந்து காய்கறிப் பையோடு திரும்பிய மனைவியிடம் இதைப் புலம்பினேன். அவள் இந்த ஆராய்ச்சியில் தலையிட்டதே இல்லை. தம்பியையும் என்னையும் சேர்த்துத் திட்டுவதோடு சரி.

"அந்தத் தாத்தாவும் பாட்டியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா?" என்று கேட்டாள்.

"அப்படித்தான் சொல்வாங்க. மாமன் பொண்ணுன்னு. எழுத்துல எங்க இருக்கு?"

"நம்ம கல்யாணத்துக்கு பிஷப்கிட்ட எழுதிப் போட்டு அனுமதி வாங்கலையா? எப்படிச் சொந்தம்னு சாமியாரு உக்காந்து படம் போட்டாரே, மறந்துட்டீங்களா? அவுங்களும் வாங்கியிருப்பாங்கதானே."

மறந்துதான் போயிருந்தேன். நெருங்கிய சொந்தத்தில் கட்டுவதற்குச் சபையின் விலக்கு வேண்டும். எந்த வழியில் சொந்தம் என்று பொது முன்னோர் வரைக்கும் எழுதிக் காட்ட வேண்டும். நான் ஆறு மாதமாக வெட்கப்பட்டு மறைக்கப் பார்த்த விஷயம் அது.

அடுத்த சனிக்கிழமை அவளும் கூட வந்தாள். தாத்தாவின் தாத்தா கல்யாணப் பதிவை நான் முன்பே போட்டோ எடுத்திருந்தேன், பெயர்களை மட்டும் நெருக்கத்தில். ஓரத்தில் இருந்த சின்ன எழுத்தைக் கவனிக்கவில்லை. விலக்கு பெறப்பட்டது என்று அதில் இருந்தது. கடிதம் எங்கே என்று பக்கம் பக்கமாகப் புரட்டினோம். கிடைக்கவில்லை. நான் மூடப் போனேன். அவள் பதிவேட்டின் பின்னட்டையை விரலால் தடவி, "இதுக்குள்ள ஏதோ பேப்பர் இருக்கு" என்றாள். உபதேசியார் பதறிப்போய் தானே மெதுவாகப் பிரித்தார். மடித்த நாலைந்து தாள்கள். மூன்றாவது எங்களுடையது. சாமியார் கையால் போட்ட படம். மேலே ஒல்லாந்தரின் பெயர். அவருக்குக் கீழே ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் மகள். மகனுக்குக் கீழே பெண், மகளுக்குக் கீழே மாப்பிள்ளை. என்னைப் போலவே தாய்மாமன் பெண்ணைக் கட்டியவர்.

மனைவி அந்தப் பாட்டியின் பெயரை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். பஸ்ஸில் வரும்போது தானும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள்.

படத்தை அனுப்பிய மறுநாள் அந்த அம்மா, "இது ஆதாரம்" என்று எழுதினார். கூடவே, தன் பெற்றோரும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள்தான், தன் மரமும் இப்படித்தான் மடங்கும், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றார். எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. ஆறு மாதம் என்னைத் திருத்தச் சொன்னவர் இவர்.

பத்து நாளில் மீதியும் வந்தது. கப்பல் ஆள்பட்டியலில் ஒல்லாந்தரைக் கண்டுபிடித்துவிட்டார். ஊர், அப்பா பெயர், எல்லாம் பொருந்தியது. வேலை: கப்பல் சமையல்காரருக்குக் கையாள். ஒல்லாந்தருடைய அப்பாவின் இன்னொரு மகன் வழியில் வந்த குடும்பம் இன்றும் அதே ஊரில் மாடு வைத்துப் பிழைக்கிறது.

மச்சானிடம் போனில் சொன்னேன்.

"சமையல்காரனா?"

"சமையல்காரனுக்குக் கையாள்."

"அது வேற ஆளா இருக்கும் மாமா."

குழுவில் நான் போட்ட செய்திக்கு நான்கு கைகூப்புகள் வந்தன. பிறகு யாரோ மறுபடி பேனர் படத்தைப் போட்டார்கள். அதற்கு நாற்பது.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மூன்று வாரம் கழித்து அந்த அம்மாவிடமிருந்து வருத்தமாக ஒரு கடிதம். அந்த மாட்டுப்பண்ணைக் குடும்பம் இனி தொடர்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டதாம். என் உறவினர் ஒருவர் நேரடியாக அவர்களுக்கு எழுதி, தன் மகளுக்கு விசாவுக்குப் பொறுப்பேற்க முடியுமா என்று கேட்டாராம். விலாசத்தை நான்தான் அந்த அம்மாவிடம் வாங்கிக் குழுவில் போட்டிருந்தேன்.

அன்றைக்கே லீவு போட்டுவிட்டு பைக்கில் சிதம்பரம் போனேன். பி.முட்லூர் தாண்டும்போதே என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்திவிட்டேன். மச்சான் லுங்கியோடு கதவைத் திறந்தான்.

"அந்தம்மா ஏழெட்டு மாசம் நமக்காக உழைச்சிருக்கு. அவுங்க ஊர்லயே அவுங்களுக்குத் தலைகுனிவு ஆக்கிட்டியேடா."

"சொந்தம்னு நீங்கதானே நிரூபிச்சீங்க? சொந்தக்காரங்ககிட்ட கேக்காம வேற யார்கிட்ட கேக்கிறது?"

"எந்தக் காலத்துச் சொந்தம் அது?"

"அப்ப எதுக்குத் தேடுனீங்க?" என்று கேட்டான். "சும்மா தெரிஞ்சுக்கவா? எனக்கு அப்படி முடியாது மாமா. அவ சென்னையில ரூம் எடுத்துத் தங்கி ஜெர்மன் படிச்சிக்கினு இருக்கா. ரெண்டு தரம் பரீட்சையில போயிடுச்சு. போன்ல அழுவுறா. நான் இன்னா பண்ணட்டும்?"

அவள் ஜெர்மன் படிப்பதே எனக்குத் தெரியாது. ஆனாலும் கோபம் போகவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றேன். சொன்னால் நீங்க வேணாம்னுதானே சொல்வீங்க என்றான். அதுவும் உண்மை. அவன் மனைவி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டேன்.

நான் அந்த அம்மாவுக்கும், அவர் மூலமாக அந்தக் குடும்பத்துக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். மச்சான் மகள் ஜெர்மன் பரீட்சையில் இரண்டு தரம் தவறியதையும் சொன்னேன். குடும்பத்திடமிருந்து பதில் இல்லை. அந்த அம்மா, பரீட்சையில் எந்தப் பகுதி கஷ்டம் என்று மட்டும் கேட்டிருந்தார். பேச்சு என்றேன். அதன்பிறகு புதன்கிழமை தோறும் வீடியோவில் அந்தப் பெண்ணுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்திருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரியும். மூன்றாம் தரம் அவள் தேறினாள்.

இப்போது அவள் தெற்கு ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். கிழக்கு ஃபிரிசியா அங்கிருந்து ரயிலில் ஒரு பகல் தூரம். லீவு கிடைத்தால் தூங்குகிறாள், இன்னும் போகவில்லை. போன வாரம் என் மனைவியிடம் பேசும்போது, வார்டில் இருக்கும் ஒரு கிழவர் என்னை எந்த ஊர் என்று தினமும் கேட்கிறார், தினமும் கடலூர் பக்கம் என்று சொல்கிறேன், மறுநாள் மறந்துவிடுகிறார் என்று சொன்னாளாம்.

மச்சானுடைய வாட்ஸ்அப் முகப்பில் இன்னும் கேப்டன்தான் இருக்கிறார். இப்போது அவன் அடுத்த வேலையைத் தொடங்கியிருக்கிறான். ஒல்லாந்தரின் மனைவி யார், அந்தத் தமிழ்ப் பெண் எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். ஏதாவது பெரிய ஜமீனாக இருக்கும் என்கிறான். சனிக்கிழமை பீரோவைத் திறக்கச் சொல்லி உபதேசியாரிடம் பேசியும் வைத்துவிட்டான். வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். என் மனைவி போகிறாளாம்.