ஆத்தா கேட்ட மாத்திரை

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் வீட்டில் கவிச்சி புழங்கக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கல்யாணமாகி திருச்செங்கோட்டுப் பக்கம் வந்த நாளிலிருந்து இதில் நான் ஒரு குறையும் வைத்ததில்லை. போன நோம்பிக்கு மாமியாரும் நானும் காப்புக் கட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு மாமியார் போனில் ஒரு வீடியோ வந்தது. கேப்சூலின் மேல்கூட்டை மாட்டு எலும்பில் செய்கிறார்கள் என்று யாரோ கத்திக்கொண்டிருந்தார். பொழுது சாய்வதற்குள் என் கேப்சூல் மாத்திரை அட்டைகள் அவர் பீரோவுக்குள் போய்விட்டன. சாவி அவர் இடுப்பில்.

மனச்சோர்வுக்கு நான் அந்த மாத்திரையைச் சில வருஷங்களாகச் சாப்பிடுகிறேன். சட்டென்று நிறுத்தக் கூடாது, நிறுத்துவதென்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று சேலத்து டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். அதை அப்படியே மாமியாரிடம் சொன்னேன்.

“சுகரா பிரஷரா, நிறுத்துனா உசுரு போறதுக்கு? மனசுக்குத் திங்கற மாத்திரைதானே கண்ணு. நோம்பி முடியட்டும், ஆத்தா பாத்துக்குவா.”

அவருடைய சுகர் மாத்திரை வெறும் வட்ட மாத்திரை, கூடு கிடையாது. அது பாட்டுக்கு வேளை தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

என்னுடையது உள்ளூர் மெடிக்கலில் கிடைக்காது. சேலம் போகலாமென்றால் எல்லை தாண்டக் கூடாது. என் வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார். போன் பண்ணி, “ஏனுங்க, அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றேன். “அம்மா மனசு நோகப் போவுது, கொஞ்சம் பொறுத்துக்க” என்றார். ஆத்தாவுக்கு ஆட்சேபம் இருந்திருக்காது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே, அதுவும் இடுப்பில் சாவி செருகிய பூசாரி.

முதலில் குமட்டல் வந்தது, பிறகு வியர்வை. அப்புறம்தான் அசல் கூத்து. கண்ணை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திருப்பினால் போதும், மண்டைக்குள் சுரீரென்று கரண்ட் அடிக்கும், ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்ட மாதிரி. புளி கரைத்துக்கொண்டிருக்கும்போதே காரணமில்லாமல் அழுகை பொத்துக்கொண்டு வரும். குமட்டலுக்குப் பித்தம் என்று சுக்குக் காபி கொடுத்தார் மாமியார். தலைச்சுற்றலுக்கு ரத்தம் பத்தவில்லை என்று முருங்கைக்கீரை. அழுகைக்குக் கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார், அந்த நெடியில் இன்னும் அழுதேன். மாத்திரையை நிறுத்தியதால்தான் இத்தனையும் என்று தொண்டை வற்றச் சொன்னேன். அதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பீரோவைக் கடப்பாரையால் நெம்பலாமா என்று நிஜமாகவே யோசித்தேன்.

கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற காலை. கோயில் முன்னால் நட்டிருக்கும் கம்பத்துக்கு ஊர்ப் பெண்கள் குடத்தில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாகப் போய் ஊற்றுவது வழக்கம். உடம்பு சரியில்லை, நான் வரவில்லை என்றேன். “ஆத்தாகிட்டப் போனாச் சரியாப் போயிரும்” என்று இழுத்துப் போனார். மேளம் ஒவ்வொரு அடிக்கும் என் மண்டைக்குள் இறங்கியது. குடம் கை நழுவியது. உடம்பெல்லாம் நடுங்க, கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“ஆத்தா வந்துட்டாடி!” என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். குலவை, நெற்றி நிறைய திருநீறு, மேளக்காரர் இன்னும் பக்கத்தில் வந்து அடித்தார். எத்தனை நாள் ஆத்திரமோ, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: “எம் மாத்திரையக் குடுங்க!”

மேளம் நின்றது. பூசாரி கைகூப்பினார். “எந்த மாத்திரை தாயி?”

“ஊட்டுல பீரோவுக்குள்ள பூட்டி வெச்சிருக்குதே, அந்த மாத்திரை!”

கூட்டம் மொத்தமும் மாமியாரைத் திரும்பிப் பார்த்தது. “தெரியாமப் பண்டீட்டனே தாயி” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, மூட்டுவலிக்காரர் அந்த ஓட்டம் ஓடினார். தட்டில் வேப்பிலை பரப்பி, அதன் மேல் கேப்சூலை வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். நான் விழுங்கியதும் எல்லாரும் கும்பிட்டார்கள். மாட்டு எலும்பைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

அன்றிலிருந்து மாத்திரை வேளை தவறாமல் என் கைக்கு வந்தது, சொம்புத் தண்ணீரோடு. மண்டைக்குள் அடித்த கரண்ட் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஆனால் தெருவில் பெண்கள் என்னைப் பார்த்து ஒதுங்கி வழிவிடுவதை என்னால் சகிக்க முடியவில்லை. நோம்பி முடிந்து, மாமியார் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அத்தை, அன்னிக்கு எனக்குச் சாமியெல்லாம் வரலீங்க. நாந்தான் கேட்டேன்.”

அவர் சிரித்தார். எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை என்பது மாதிரி, பிரியமாகத் தலையை வருடினார்.

“நீ கேட்டிருந்தா நான் குடுத்திருப்பனா கண்ணு?”