நடுகல்லுக்கு வந்த கொள்ளுப்பேரன்

அரசு அருங்காட்சியகத்தில் காப்பாட்சியர் வேலை என்றால் பழைய பொருள்களைக் காப்பது என்று நம்பித்தான் சேர்ந்தேன். மேலே இருப்பவர்களின் மனம் கோணாமல் காப்பதும் அதில் அடக்கம் என்று போகப்போகத்தான் தெரிந்தது. மேலதிகாரியின் போனுக்கு எழுந்து நின்று பதில் சொல்லிப் பழகியவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

வாளி

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் கட்டடத்தின் கூரை ஒழுகும். செண்பகத்தோப்புப் பக்கம் மேகம் கட்டினால் காவலர் வேல்ச்சாமி வாளியைத் தூக்கிக்கொண்டு சிலைக்கூடத்துக்குள் ஓடுவார். நனைந்து நனைந்து ஒரு மரத்தேர்ச் சிற்பம் உளுத்தே போய்விட்டது. கூரைக்கு நிதி கேட்டு நானும் எழுதினேன், எனக்கு முன் இருந்தவர்களும் எழுதினார்கள். பொறியாளர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு நாள் ராஜபாளையத்திலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர், சிலைகளுக்கு நடுவே இருந்த வாளியை மரியாதையாகச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது எந்த ராசா காலத்துது சார்?"

வயலில் கிடந்தவர்

வன்னியம்பட்டி செல்லம்மாள் வயலில் வாய்க்கால் தோண்டியபோது ஒரு நடுகல் கிடைத்தது. வில்லோடு ஒரு வீரன், பக்கத்தில் ஒரு மாடு. கீழே வட்டெழுத்து. 'மீட்டுப் பட்டான்' என்பது வரைக்கும் படிக்க முடிந்தது. மாட்டை மீட்கப் போய்ச் செத்திருக்கிறான். பெயர் இருந்த இடம் மட்டும் தேய்ந்துபோயிருந்தது.

வெளியூர்க்காரன் ஒருவன் கல்லை விலைக்குக் கேட்டானாம். செல்லம்மாள் அவனை விரட்டிவிட்டு, டிராக்டரில் ஏற்றி எங்களிடம் கொண்டுவந்தார். கல்லை இறக்கி நிறுத்தியதும் முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"வன்னியம்பட்டி மண்ணுல கிடந்தாருன்னு ஒரு வரி எழுதிருங்க சார், அது போதும்."

அன்றைக்கே கல்லுக்கு மேலே பலகையில் எழுதி வைத்தேன்.

உறவுமுறை

செய்தி பத்திரிகையில் வந்த பொறவு, வட்டாரத்துப் பெரிய புள்ளி ஒருவர் மூன்று காரில் வந்தார். கல்லின் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். வீரன் தன் முப்பாட்டனாருக்கும் முப்பாட்டனார் என்றும், பலகையில் தன் வம்சத்தின் பெயர் வரவேண்டும் என்றும் சொன்னார். வந்தால் கூரைக்கு நிதி தானாக வரும் என்றும் சொன்னார்.

கல்லில் பெயரே இல்லை, இல்லாததை எழுத முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. என் தோளில் கையைப் போட்டார்.

"அழிஞ்சு போனது நல்லதாப் போச்சே சார், புதுசா எழுத எம்புட்டு எடம் கிடக்கு பாருங்க!"

போன்

மறுநாள் மேலதிகாரி கூப்பிட்டு, பெரிய புள்ளி கேட்டபடியே பலகைக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார். நல்ல மனிதர், கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர். அதனால்தான் எனக்குத் தைரியம் வந்தது. "பலகையில் என்ன எழுதுவது என்பதையும் வெளியாள் முடிவு செய்தால் நாம் எதற்கு சார்?" என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்கும் வலித்திருக்க வேண்டும்.

"தன்னாட்சி வேணும்னா கூரையையும் நீங்களே போட்டுக்கோங்க."

நான் எழுதிக் கொடுக்கவில்லை. மாறுதல் உத்தரவு வந்தது. எனக்குப் பின்னால் வந்தவர் எழுதிக் கொடுத்தார். அவரையும் குறை சொல்ல மாட்டேன்; பிள்ளைகள் படிக்கிற வயசு.

புதுப் பலகை

விடுப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் வந்தபோது டிக்கெட் எடுத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குள் போனேன். புதுக் கூரை. தரை காய்ந்து கிடந்தது. கல்லுக்கு மேலே பொன்னிற எழுத்தில் பளபளப்பான பலகை.

செல்லம்மாளும் வந்திருந்தார், கையில் கதம்பத்தோடு. கண்ணாடி கொண்டுவரவில்லை, பலகையை வாசித்துச் சொல்லுங்கள் என்றார். என்ன செய்ய? வாசித்தேன். பெரிய புள்ளியின் வம்சம், அந்த வம்சத்தின் வீரம், கூரை போட்டுத் தந்த அவருடைய பெருந்தன்மை. வன்னியம்பட்டி என்ற சொல் எங்குமே இல்லை. நான் நிறுத்தியதும், இன்னும் ஏதாவது இருக்கும் என்று அவர் காத்திருந்தார். பிறகு கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப எங்க வயல்ல கிடந்தவரை எங்க சார் வச்சிருக்கீங்க?"

இப்போது நான் வேறு மாவட்டத்தில் ஒரு கிடங்கில் உடைந்த பானை ஓடுகளுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். பானைக்குப் பேரன் என்று இதுவரை யாரும் வந்து நிற்காததால், இதை நான் பதவி உயர்வு என்றே சொல்லிக்கொள்கிறேன்.