மூடாத முற்றம்

தியாகராய நகரில் அப்போது தெருக்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது, வீடுகள்தான் அவ்வளவாக வரவில்லை. மாம்பலம் ஏரியை வற்றவைத்து மனை போட்டுச் சில வருஷங்களே ஆகியிருந்தன. அங்கே ஒரு மனையைத் தன் பெயரிலேயே வாங்கியவள் லூயிசா டீச்சர். சாந்தோமில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்தினாள். அண்ணன் காஸ்பரின் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தாள்.

காஸ்பர் ஒரு கப்பல் கம்பெனியில் ஹெட் கிளார்க். தங்கை வீடு கட்டப் போகிறாள் என்றதும் அவரே ஒரு படம் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். ஊட்டியில் யாரோ ஒரு துரை குடியிருந்த பங்களா. முன்னால் போர்ட்டிகோ, பக்கவாட்டில் பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல், கூரைமேல் புகைக்கூண்டு.

"புகைக்கூண்டு எதுக்கு அண்ணே? மே மாசத்துல குளிர் காயவா?"

"நெருப்பு மூட்ட வேணாம். சும்மா இருக்கட்டும். பார்க்கிறவனுக்கு ஒரு மதிப்பு."

"பார்க்கிறவன் பார்த்துட்டுப் போயிடுவான். உள்ள கிடந்து வேகப்போறது நான்."

அவளுக்கு இதில் பட்ட அனுபவம் உண்டு. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளி கச்சேரி சாலைக்குப் பின்னால் ஒரு பழைய வாடகை வீட்டில் நடந்தது. நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரத்தில் வகுப்புகள். மத்தியானம் கடல்காற்று கிளம்பினால் முன்கதவு வழியாக வந்து பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிவிட்டுப் பின்கட்டு வழியாகப் போகும். பிறகு பள்ளிக்குச் சொந்தக் கட்டடம் வந்தது. சிவப்புச் செங்கல், கண்ணாடிக் கதவுகள், வாசலில் கல்வெட்டு எல்லாம் இருந்தன. முதல் ஏப்ரலிலேயே நாலாம் வகுப்பில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். அடுத்த வாரம் இன்னொருத்தி. கடல்காற்று எப்படி உண்டாகிறது என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கிக்கொண்டிருந்த லூயிசாவுக்கு, அந்த அறைக்குள் ஒரு தாள்கூட அசையாது என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

ஆகவே அவள் தானே ஒரு பிளான் வரைந்தாள். வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம். ஆனால் அது மயிலாப்பூர் மாடவீதி வீட்டின் நகல் இல்லை. மரத்தூண்களுக்குப் பதில் ஒல்லியான சிமென்ட் தூண்கள். வெளிச்சமே படாத உள்ளறைகள் கிடையாது; மாதத்தில் மூன்று நாள் பெண்களை ஒதுக்கி வைக்கும் மூலையும் கிடையாது. சமையலறை நின்று சமைக்கும் மேடையோடு தெருப் பக்கத்துக்கு வந்துவிட்டது. கக்கூஸ் படுக்கையறைக்கு அடுத்தாற்போலவே இருந்தது.

காஸ்பர் காகிதத்தைத் தள்ளி வைத்தார். "இது ஐயமாருங்க வீடு. வேதக்காரங்க நாம இப்படிக் கட்டினா சாந்தோமே சிரிக்கும். அது போதாதுன்னு கக்கூஸ் வேற வீட்டுக்குள்ள!"

"காத்துக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலை அண்ணே. வழி விட்டா எல்லார் வீட்டுக்கும் வரும்."

"ஆம்பளை இல்லாம வீடு கட்டுறவ. கொஞ்சம் அடங்கிப் பேசு."

"கட்டுறவ நான்தானே. அதனாலதான் பேசறேன்."

வேலையை எடுத்தவர் தேசப்பன் மேஸ்திரி. அவரும் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, வூட்டு நடுவுல இம்மாம் பெரிய பொத்தல் கீது?" என்றார். ஆனாலும் கட்டினார். சுவர் எழும்பியது. தூண்கள் நின்றன.

அந்தச் சமயத்தில் பரீட்சைத் தாள் திருத்த லூயிசா திருச்சிக்குப் போக வேண்டியிருந்தது. வேலை முடிந்து திரும்பியவள் எழும்பூரில் இறங்கினதும் வீட்டுக்குப் போகாமல் ஜட்கா பிடித்து நேரே மாம்பலம் வந்தாள். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. வரிசையாக உட்கார்ந்த பெண்கள் மரக்கட்டையால் சுண்ணாம்புத் தளத்தை அடிக்கும் சத்தம். எந்தத் தளம்? உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தாள். வானம் இருந்த இடத்தில் தேக்கு உத்திரங்களும் அவற்றின்மேல் செங்கல் அடுக்கும் ஓடின. முற்றம் மூடப்பட்டிருந்தது. உள்ளே இருட்டு.

"மேஸ்திரி, யார் சொல்லி இதைப் பண்ணினீங்க?"

"உங்க அண்ணாத்த தாம்மா வந்து நின்னாரு. டீச்சரு ஒத்துக்கினாங்க, மூடிடுன்னாரு. பெரிய மனுசன் பொய் சொல்வாரா?"

"வீடு யாருது?"

தேசப்பன் தலையைச் சொறிந்தார். "உங்களுது தான்."

"அப்ப இடிங்க."

மேலே அடி நின்றது. தளம் அடிக்கும் பெண்களில் பச்சையம்மா என்பவள் ஏணி ஓரமிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா டீச்சரம்மா சொல்றே? தோளு கழண்டு பூட்ச்சு எங்களுக்கு. இத்தப் போய் இடிக்கச் சொல்றியே!"

அந்தப் பெண்கள் மேல் லூயிசாவுக்குக் கோபமில்லை. அவர்கள் பாடுபட்டது வீணாவதைத்தான் தாங்க முடியவில்லை. ஆனால் இன்று விட்டால் இந்த வீட்டில் அடுத்து எதையும் தான் தீர்மானிக்க முடியாது என்று தெரிந்தது. புடவையை இழுத்துச் செருகினாள். சுவரோரம் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். தேசப்பன், "அம்மா, அம்மா" என்று பின்னாலேயே ஓடிவந்தார். ஈரத் தளத்தில் ஓங்கி ஒரு போடு போட்டாள். கடப்பாரை வழுக்கிக் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை ஒரு செங்கல் பெயர்ந்து கீழே விழுந்தது; அந்த ஓட்டை வழியாக வெளிச்சம் உள்ளே இறங்கியது.

"தள்ளிக்கோம்மா, நீ கால்ல போட்டுக்கப் போறே!" பச்சையம்மா எழுந்து வந்து கடப்பாரையைப் பிடுங்கினாள். "உன் வூடு, உன் இஷ்டம். குடு இப்டி."

சாயங்காலம் காஸ்பர் வந்தபோது முற்றத்தில் செங்கல் குவிந்து கிடந்தது. மேலே மறுபடியும் வானம். அவர் கத்தவில்லை. "இந்த வீட்டுக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

"உங்க இஷ்டம் அண்ணே" என்றாள் லூயிசா. அவர் போன பிறகு செங்கல் குவியல்மேல் உட்கார்ந்து அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு மேஸ்திரியைக் கூப்பிட்டு, மறுநாள் வேலையைச் சொன்னாள்.

குடிபோகிற அன்று வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கப் பங்குச் சாமியார் வந்தார். காஸ்பர் வரவில்லை. அவர் மனைவி ஜெசிந்தா மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நின்று ஜெபம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஐப்பசி மழை வந்தது. பழைய ஏரிப் பூமி அல்லவா. தெருவில் நின்ற வெள்ளம் முற்றத்து வாய்க்கால் வழியாகவே எதிர்த்து உள்ளே ஏறிவிட்டது. தாழ்வாரம் முழங்கால் தண்ணீர். எதிர் பங்களாக்காரர் தன் போர்ட்டிகோவில் நின்று வேடிக்கை பார்த்தார். காஸ்பரிடமிருந்து ஆள் வந்தது. "இப்பவாவது மூடுறாளான்னு ஐயா கேட்டாரு."

கையில் வாளியோடு நின்ற லூயிசா நிமிர்ந்தாள். "வாய்க்காலைத் தாழ வெச்சது என் தப்பு. அதை ஒத்துக்கறேன்னு சொல்லு. தப்பு வாய்க்கால்ல, வானத்துல இல்ல. மூட மாட்டேன்."

மழை விட்டதும் முற்றத்துத் தரையை உயர்த்தினாள். வாய்க்காலைத் தெருப் பக்கம் அடைத்துத் தோட்டப் பக்கம் திருப்பினாள். அடுத்த மழைக்கும் கொஞ்சம் தண்ணீர் வந்தது. துடைப்பத்தால் தள்ளிவிட்டுப் பள்ளிக்குப் போனாள்.

மறு வருஷம் கோடை கொடுமையாக இருந்தது. ஜெசிந்தா பிள்ளைத்தாய்ச்சி, கூடவே மூச்சிளைப்பு. ஒரு நாள் பிற்பகல் தலையணையும் கையுமாகத் தனியாக ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். "உங்க அண்ணன்கிட்ட சொல்லலை. இங்க கொஞ்சம் படுத்துக்கறேன் லூயிசா" என்றாள். தாழ்வாரத்தில் பாய் விரித்துக் கொடுத்ததும் தூங்கிப்போனாள்.

ஆபீஸ் விட்டு வந்த காஸ்பர் விஷயம் தெரிந்து கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். "ஜெசிந்தா! கிளம்பு."

உள்ளேயிருந்து பதில் வந்தது. "பிள்ளை பிறக்கிற வரைக்கும் நான் வரலைங்க. இங்கதான் மூச்சு விட முடியுது."

தன் மனைவி அத்தனை உரக்கப் பேசி அவர் கேட்டதில்லை. போகவும் முடியவில்லை, வரவும் முடியவில்லை. லூயிசா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து முன் வராந்தாவில் போட்டாள். "இது வீட்டுக்கு வெளிய தான் அண்ணே. உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார், தெருவைப் பார்த்து, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அன்றிலிருந்து தினமும் வந்தார். பெண் குழந்தை பிறந்து ஜெசிந்தா சாந்தோமுக்குத் திரும்பிய பிறகும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வருவது நிற்கவில்லை. நாற்காலி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நிலைவாசல் பக்கம் நகர்ந்தது, உள்ளே ஓடும் காற்று முதுகில் படுகிற இடத்துக்கு. வாசற்படியை அவர் தாண்டவில்லை. அவளும் தாண்டச் சொல்லவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பியைக் குடித்து முடித்துவிட்டு அவர் சொன்னார்: "ஒரு போர்ட்டிகோவாவது வெச்சிருக்கலாம் நீ. இன்னமும் வைக்கலாம்."

"வைக்க மாட்டேன் அண்ணே" என்றாள் லூயிசா, டம்ளரை வாங்கிக்கொண்டு.