தாய்ச் செடியின் எண் முதலில்

இந்த மே மாதமும் என் சிறு தோட்டத்தில் ஐரிஸ் பூக்களுக்குச் சீட்டுக் கட்டினேன். விரல் நீள வெள்ளைப் பிளாஸ்டிக் சீட்டு. பென்சிலால்தான் எழுத வேண்டும்; பேனா மை நாலு மழைக்குத் தாங்காது. ஓர் எண், பெருக்கல் குறி, இன்னோர் எண், திகதி. எழுதும்போதெல்லாம் பான் நகருக்கு வெளியே ஐரிஸ் பண்ணை வைத்திருந்த எங்கள் ஷெஃபினை நினைத்துக்கொள்வேன். முதலாளியம்மாவை இங்கே ஜேர்மனியில் அப்படித்தான் சொல்வார்கள். பண்ணையை விற்றுவிட்டு இப்போது வடக்கே போய்விட்டார். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவர் முன்னால் எனக்கு உதறல்தான்.

புது நிறம் வேண்டுமென்றால் ஒரு பூவின் மகரந்தத்தைச் சாமணத்தால் எடுத்து இன்னொரு பூவில் தடவ வேண்டும். தடவப்பட்டது காய் பிடிக்கும், அது தாய். மகரந்தம் தந்தது தகப்பன். எதை எதோடு சேர்ப்பது என்று ஷெஃபின் குளிர்காலம் முழுதும் குந்தியிருந்து திட்டம் போடுவார். ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண். விதை முளைத்துப் பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். பதிவு பிழைத்தால் அத்தனை வருடமும் வீண். நான் சேர்ந்த முதல் வருடம், நாங்கள் இருவரும் ஒரே பாத்தியில் சீட்டுக் கட்டினோம்.

ஆகஸ்ட் முடிவில் காய்களை வெட்டி, சீட்டோடு உறைகளில் போட்டுவிட்டோம். ஷெஃபின் பதிவேட்டில் ஏற்றத் தொடங்கினார். எட்டிப் பார்த்தேன். முதல் நிரலின் தலைப்பு 'தாய்'. நான் எழுதிய சீட்டுகளில் எல்லாம் தகப்பன்தான் முதலில். என் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து நிற்கிறது. பள்ளிக்கூடப் படிவத்திலும் அவர்தான் முதல் வரி. கை அப்படியே பழகிவிட்டது. எதை முதலில் எழுதுவதென்று ஷெஃபின் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று கிழமை இருந்தது. நாலு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவிய பிறகு கிடைத்த வேலை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பூக்கிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டியபடியே, "பூவுக்குத் தெரியாதுதான். ஆனா மூண்டு வருசம் அந்த மனுசியின்ர முகத்தைப் பாக்கவேண்டியது நீங்களெல்லோ? நாளைக்கே சொல்லிப்போடுங்கோ" என்றாள்.

சொன்னேன். ஷெஃபின் வெளியே போய், அரைமணி நேரம் பாத்திகளுக்கிடையே நடந்தார். திரும்பி வந்து உறைகளை எல்லாம் மேசையில் பரப்பி, ஒரு சீட்டைத் தூக்கிக் காட்டினார். ஜேர்மன்காரர் ஒன்று என்ற எண்ணுக்குத் தலையில் கொக்கி போடுவார்கள். ஏழின் நடுவே ஒரு கோடு கிழிப்பார்கள். என் ஒன்று வெறும் குச்சி, என் ஏழு மொட்டை. டொச் என்னும் ஜேர்மன் மொழி வகுப்பில் இதற்காக வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. அன்று அந்தக் குச்சியையும் மொட்டையையும் வைத்துத்தான் என் சீட்டுகளைப் பிரித்தெடுத்தோம். ஒன்றும் ஏழும் இல்லாத ஒன்பது சீட்டுகள் மட்டும் யார் எழுதியவை என்று பிடிபடவில்லை. அவற்றுக்குக் கேள்விக்குறி போட்டார். என்னுடையவற்றுக்கு நேரே பதிவேட்டில், 'இவற்றில் தகப்பன் முதலில்' என்று மட்டும் எழுதினார். யாருடைய பிழை என்று எழுதவில்லை. அதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்று பிறகு ஆறுதலாக விசாரித்தார். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். டொச்சில் அவர் கேட்டது எனக்கு இன்றைக்கும் எங்கள் தமிழில்தான் கேட்கிறது.

"அப்ப தாயின்ர பேரை எங்க எழுதுவியள்?"

"எங்கயும் எழுதிறேல்லை" என்றேன்.

வேலை நிரந்தரமானது. அடுத்த மே மாதம் எனக்கென்று ஒரு பாத்தி தந்து, யார் சேர்த்தது என்று தெரியச் சீட்டின் ஓரத்தில் என் பெயரின் முதலெழுத்தையும் போடச் சொன்னார். அப்பாவின் எழுத்தைத் தொடங்கப் போனவன் பென்சிலை நிறுத்தினேன். அம்மா செத்து அப்போது ஆறு வருடம். விசா இல்லாமல் செத்தவீட்டுக்கும் நான் போகவில்லை. அம்மாவின் எழுத்தை எழுதினேன். அதன் பிறகு அப்பாவினது, கடைசியில் என்னுடையது. ஷெஃபின் சீட்டை வாங்கிப் பார்த்தார். பதிவேட்டைத் திறந்து, மூன்று எழுத்தையும் அதே வரிசையில் எழுதிவைத்தார்.