அஜாக்கிரதை என்று எழுதியவர்

சுங்குவார்சத்திரத்துக்கு அப்பால், பெங்களூர் ரோட்டை விட்டு இரண்டு மைல் உள்ளே, பெயிண்ட் அடைக்கும் தகர டப்பா செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே ஒன்பது வருடமாக டைம் கீப்பர் வேலை பார்த்தவர் முனிரத்தினம். யார் எத்தனை மணிக்கு வந்தார், யார் லீவு, யாருக்கு ஓ.டி. என்று எழுதி வைப்பது அவர் வேலை. கையெழுத்து அச்சுப் போல இருக்கும். கம்பெனியிலிருந்து வெளியே போகிற தமிழ்க் கடிதம் எதுவானாலும் மேனேஜர் அவரைத்தான் கூப்பிடுவார்.

அவருக்கு எழுத்துப் பித்து. பதினேழு சிறுகதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பி, பதினேழும் திரும்பி வந்தவர். அப்புறம் ஒரு நாவலில் இறங்கினார். காலை ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன் தினமும் ஒன்றரை மணி நேரம் எழுதி, ஒரு வருடத்துக்கு மேல் உழைத்து, நீளநோட்டில் பதினொன்று நிரப்பிவிட்டார். பெயர், ‘அலையில் கரைந்த அல்லி’. அல்லி என்கிற ஏழைப் பெண்ணுக்கு மிஷினில் விரல்கள் போய்விடுகின்றன. கம்பெனி அவளைத் துரத்துகிறது. அவளுக்காக ஆனந்தன் என்ற குமாஸ்தா பேனாவை வீசி எறிந்துவிட்டு ராஜினாமா செய்கிறான். அல்லி கடைசியில் ஏரியில் இறங்கிப் போய்விடுகிறாள். நோட்டுகளைப் பார்த்து ஒரு பிரதி எழுதிச் சென்னைக்கு அனுப்பினார்.

1991 ஆகஸ்டில் சென்னையிலிருந்து பதிப்பாளர் பரசுராமனின் கடிதம் வந்தது. நாவலைப் போடுகிறேன், கடைசி அத்தியாயத்தில் அழுதுவிட்டேன் என்று எழுதியிருந்தார். கூடவே, அல்லியை இன்னும் கொஞ்சம் சிவப்பாக, லட்சணமாகக் காட்டினால் வாசகர்களுக்குப் பரிதாபம் கூடும் என்றும் ஒரு வரி.

முனிரத்தினத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த வருடம் மே மாதம் குண்டு வெடித்த பிறகு ஊரே போலீஸும் பத்திரிகைக்காரர்களுமாகக் கிடந்தது. ஸ்ரீபெரும்புதூர் என்ற பேர் உலகத்துக்கே தெரிந்தது. அத்தனை பேனா வந்து போனதில் ஒன்றுகூட இங்கே கை போகிற மிஷின்களைப் பார்க்கவில்லை. பார்த்து எழுதிய ஒருத்தனிடம் சிவப்பாக்கு என்கிறானே இந்த ஆள்! உழைக்கிற பெண்ணின் உண்மைக் கதையில் கை வைக்க இவன் யார் என்று வீட்டில் சத்தம் போட்டார்.

அவர் மனைவி மரகதம் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்:

“உண்மைக் கதைன்றீங்க. அந்தக் கிளியம்மாகிட்ட படிச்சிக் காட்னீங்களா?”

அல்லி என்பது கிளியம்மாள்தான். அது எல்லோருக்கும் தெரியும். கம்பெனியில் தகரத்தை அழுத்தி வெட்டுகிற பிரஸ் மிஷின் ஓட்டிய பெண்களில் அவள்தான் வேகமானவள். 1990 மார்ச்சில் வலது கையில் மூன்று விரல் போயிற்று. கம்பெனி அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தாள். ஆனால் திங்களும் வியாழனும் காலை ஷிப்டுக்கு மணி அடிக்கிற நேரத்தில் கம்பெனி கேட்டில் வந்து நின்றுவிடுவாள். மேனேஜர் கார் வந்தால் குறுக்கே போய்க் கையைத் தூக்கிக் காட்டுவாள். வாட்ச்மேன் இழுத்து ஓரமாக விடுவான். ஒன்றரை வருடமாக ஒரு வாரமும் தவறியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு முனிரத்தினம் அவள் வீட்டுக்குப் போனார். அவள் அழுவாள், கையெடுத்துக் கும்பிட்டாலும் கும்பிடுவாள் என்று நினைத்துக்கொண்டேதான் சைக்கிளை மிதித்தார். பின்னாளில் அதை அவரே வெட்கத்தோடு சொல்லியிருக்கிறார்.

கிளியம்மாள் கோணிமேல் உட்கார்ந்து கடலையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விபத்து வரும் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் அவர் ஏற்ற இறக்கத்தோடு படித்தார். ஏரித் தண்ணீர் அல்லியின் கழுத்துக்கு வந்தபோது அவர் குரலே தழுதழுத்தது. கிளியம்மாள் கடலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“செத்துட்டாளா?”

“ஆமாம்மா.”

“நான் எப்ப சார் ஏரில வுழுந்தேன்? கேட்டாண்ட நின்னுக்கினு கீறேன். நீதான் தினம் சைக்கிள்ள தாண்டிப் போறியே, பாக்கலியா?”

கதை என்றால் அப்படித்தான், படிக்கிறவர் மனசு இளகவேண்டும், அதற்காக மாற்றியிருக்கிறேன் என்று அவர் விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு முறத்தைக் கீழே வைத்தாள்.

“அந்த ஆனந்தன்றவன் யாரு? நம்ம கம்பெனில அப்டி யாரும் இல்லியே. பேனாவத் தூக்கிப் போட்டவன் யாரு சார்? ஆஸ்பத்திரில என் எடது கைய இழுத்து மையில தோய்ச்சி வெரல் ரேகை வாங்குனது நீதானே? இன்னா எழுதிக்கிதுன்னு கேட்டதுக்கு, ஒண்ணுமில்லம்மா, ஆபீஸ் பேப்பர்னு சொன்னியே. மொத தபா அந்தப் பேப்பர்ல என் அஜாக்கிரதைன்னு எழுதுன. இப்ப விதின்னு எழுதிக்கினு வந்து, அத எனக்கே படிக்கிற.”

அவள் குரல் உயரவே இல்லை. முனிரத்தினம் நோட்டுகளைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தார்.

வழியெல்லாம் அவருக்கு ஆத்திரம். நன்றி கெட்டவள். தூக்கத்தைத் தொலைத்து இவளுக்காக எழுதினேனே. இந்தக் கம்பெனியில் வேறு யார் இவளை நினைத்தார்கள்? வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. மரகதம் கேட்டதற்கு எரிந்து விழுந்தார்.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனதும் அலமாரியிலிருந்து விபத்துப் பதிவேட்டை எடுத்தார். தான் எழுதியது அவ்வளவு மோசமாக இருக்காது, ‘என்று கூறப்படுகிறது’ என்றாவது போட்டிருப்போம் என்று ஒரு நப்பாசை. அப்படி எதுவும் இல்லை. ‘தொழிலாளியின் சொந்த அஜாக்கிரதையால் நேர்ந்தது’ என்று அவருடைய அழகான கையெழுத்தில், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. மேனேஜர் சொல்லச் சொல்ல எழுதியதுதான். ஆனால் எழுதியபோது ஜன்னல் வழியாக அவர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஷினுக்குள் கை போகாமல் தடுக்கிற கம்பிக்கூண்டு, வேகம் குறைகிறது என்று முந்தின வாரம் கழற்றியது, கழிவுத் தகரத்தோடு கிடந்தது. அதைப் பதினொரு நோட்டில் எங்கேயும் அவர் எழுதவில்லை. நாவலிலும் அல்லியின் கை ‘ஒரு கணம் தடுமாறியது’ என்றுதான் இருந்தது.

கிளியம்மாள் மேலிருந்த ஆத்திரம் அங்கேயே அப்படியே அவர்மேல் திரும்பியது. பதிப்பாளர் அவள் நிறத்தை மாற்றச் சொன்னார் என்று குதித்தோமே, நாம் அவள் உயிரையே எடுத்துவிட்டு உண்மைக் கதை என்று ஊரெல்லாம் சொன்னோமே என்று பல்லைக் கடித்தார்.

அந்த வாரமே லீவு போட்டுச் சென்னைக்கு பஸ் ஏறினார். கையெழுத்துப் பிரதியைத் திருப்பித் தரும்படி கேட்டார். பரசுராமனுக்குக் கோபம் வந்துவிட்டது. அச்சுக்கோக்க ஆரம்பித்தாகிவிட்டது, அட்டைப்படம் வரைந்தாகிவிட்டது, புது எழுத்தாளனுக்கு இத்தனை திமிரா என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, முடிவு பிடிக்கவில்லையென்றால் கடைசி அத்தியாயத்தை மட்டும் மாற்றிக் கொடுங்களேன் என்றார்.

“பொய் கடைசி அத்தியாயத்துல மட்டும் இல்லைங்க,” என்றார் முனிரத்தினம். “முதல் பக்கத்திலிருந்து நான் நல்லவனா வந்துகிட்டே இருக்கேன். முழுசா வேற எழுதணும்.”

“அப்போ இனிமே எங்கிட்ட வராதீங்க.”

திரும்பி வந்தவர் உடனே நாவலைத் தொடவில்லை. முதலில் தொழிற்சாலை ஆய்வாளருக்கு இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதினார். கூண்டு கழற்றப்பட்ட தேதி, பதிவேட்டில் எழுதச் சொன்னவர், எழுதியவர், ரேகை வாங்கிய விதம், எல்லாம். கீழே பேரும் வேலையும் போட்டுக் கையெழுத்திட்டார். மரகதத்திடம் படித்துக் காட்டினார். வேலை போகும் என்றாள் அவள். போகும் என்றார் அவரும். தபால் பெட்டியில் போட்டது மரகதம்தான்.

ஆய்வாளர் வந்தார், மிஷின்களைப் பார்த்தார், கிளியம்மாளிடமும் முனிரத்தினத்திடமும் வாக்குமூலம் வாங்கினார். அடுத்த மாதத்துக்குள் எல்லா பிரஸ்ஸிலும் கூண்டு ஏறியது. பதிவேட்டில் அஜாக்கிரதை என்ற வார்த்தையை அடித்து, ‘பாதுகாப்புத் தடுப்பு இல்லாததால்’ என்று புதிதாக எழுதவைத்தார்கள். கிளியம்மாளுக்குப் பேக்கிங்கில் வேலை கொடுத்தார்கள். பதிவேட்டில் அந்தப் புது வரியை எழுதியது முனிரத்தினம் அல்ல. அதற்குள் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒழுங்கீனம் என்று காரணம் சொன்னார்கள். அந்த வார்த்தையை நினைக்கும்போதெல்லாம் அவருக்குச் சுள்ளென்று ஏறும். ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் லேட்டாக வந்ததில்லை அவர்.

பிறகு வல்லம் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். நவம்பர் மழையில் புது நோட்டு வாங்கி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். பழைய நோட்டுகளைப் பக்கத்தில்கூட வைத்துக்கொள்ளவில்லை. அல்லி இல்லை, ஆனந்தன் இல்லை. பெயர் மாற்றாமல் கிளியம்மாள், பெயர் மாற்றாமல் ஒரு டைம் கீப்பர். முன்பு ஒரு நாளில் ஐந்து பக்கம் ஓடும். இப்போது அரைப் பக்கத்துக்கே மூச்சு வாங்கியது. தன்னைப் பற்றி எழுதுகிற வாக்கியம் ஒவ்வொன்றும் எப்படியோ கொஞ்சம் தன் பக்கம் சாய்ந்தது. அடித்து அடித்து எழுதினார்.

முதல் அத்தியாயம் முடிந்ததும் மறுபடி கிளியம்மாள் வீட்டுக்குப் போனார். இந்தத் தடவை எந்த ஏற்ற இறக்கமும் வைக்காமல் படித்தார். மிஷின் இறங்குகிறது, கிளியம்மாள் அலறுகிறாள், டைம் கீப்பர் ஓடி வருகிறான். அங்கே அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“நான் கத்தல சார். கையப் பாத்துக்கினு சும்மா நின்னேன். ஓடியாந்து கத்துனது நீ.”

முனிரத்தினம் யோசித்துப் பார்த்தார். ஆமாம், அப்படித்தான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த வரியை அடித்துவிட்டு, மேலே எழுதிக்கொண்டார்.