சிஸ்டர் போட்ட டிக்

மூன்று வருடங்களுக்கு முந்தைய மழைக்காலம். பாறசாலைக்குப் பக்கத்தில் கொல்லயிலில், எங்கள் பாலியேட்டிவ் குழுவின் ஒற்றை அறை அலுவலகத்தில் நடந்தது இது. படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் சின்னக் குழு. நான் கம்ப்யூட்டர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் நோயாளிகளின் பட்டியலுக்கு நானே ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன்.

அந்தப் பட்டியலை யாரும் பார்க்கலாம், ஆனால் என்னைத் தவிர யாரும் மாற்ற முடியாது. அப்படிப் பூட்டி வைத்திருந்தேன். ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போகும் நர்ஸ் ஒருநாள் கேட்டார்.

"சாரே, அடுத்த வாரம் யாரைப் பாக்கணும்ணு எனக்கில்லா தெரியும்? டிக் போடுத கட்டத்தையாவது தொறந்து தாருங்க. ஒரு டிக்குக்காக, கல்யாணம் விளிக்க வாற மாதிரி ஒங்க வீடு வரைக்கும் வாறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அரை மனதோடு அந்தக் கட்டங்களை மட்டும் திறந்துவிட்டேன்.

இரண்டே வாரம். மூத்திரக் குழாய் மாற்ற வேண்டிய ஒரு பெரியவரின் பெயர், பார்க்க வேண்டியவர்களின் வாரப் பட்டியலில் வரவில்லை. அந்த வாரம் சிஸ்டர் லீவு; பதிலுக்கு வந்தவர் பட்டியலில் இருந்த வீடுகளுக்கு மட்டும் போனார். குழாய் அடைத்து, காய்ச்சல் ஏறி, பெரியவரை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆனது.

குழுக் கூட்டத்தில் இதுபற்றிப் பேச்சு வந்ததும் சிஸ்டர் எழுந்து நின்றார். "நான் டிக் போட்டதாக்கும். எனக்கு நல்ல ஓர்மை உண்டு."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, சிஸ்டர்" என்றேன். மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை.

பத்து நாள் கழித்து, வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்களே என்று ஒரு பெயருக்கு டிக் போட்ட கையோடு புரோகிராமை மூடினேன். திரும்ப வந்து திறந்தால் கட்டம் காலி. மறுபடி செய்து பார்த்தேன். அப்போதும் காலி. டிக் கண்ணுக்குத் தெரிகிறது; ஆனால் அந்தக் கட்டத்தை விட்டு வேறு கட்டத்தைத் தொட்டால்தான் பதிவாகிறது. டிக் போட்டதும் அடுத்த வரியைத் தொடுவது என் பழக்கம் என்பதால், சோதித்தபோது எனக்கு இது தெரியவே இல்லை. சிஸ்டர் கடைசியாக டிக் போட்டது அந்தப் பெரியவருக்காகத்தான் இருக்க வேண்டும். போட்டதும் மூடியிருக்கிறார்.

டிக் விழுந்த நொடியே பதிவாகும்படி மாற்றிவிட்டு, உதியன்குளங்கரையில் அவர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"இத எனக்க கிட்ட சொன்னா போதாது சாரே" என்றார். "ஆஸ்பத்திரியிலேந்து வந்த அப்பூப்பனைப் பாக்கப் போனேன். அவருக்க மகளு என்னை முற்றத்திலேயே நிறுத்திப் போட்டா. அவளுக்க கிட்ட சொல்லணும்."

இருவரும் போனோம். மகளிடம் தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சிஸ்டரிடம், "உள்ள வாருங்க, அப்பா ரெண்டு நாளா ஒங்களத்தான் கேக்காரு" என்றார். நான் முற்றத்திலேயே நின்றேன்.

அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் தவறை ஒப்புக்கொண்டேன். சிஸ்டரும் வேலைக்குத் திரும்பிவிட்டார். ஆனாலும், இத்தனை வருடம் மழையிலும் வெயிலிலும் அந்த வீடுகளுக்குப் போய்வந்த ஒருவர் "நான் போட்டேன்" என்று சொன்னதை நம்ப, எனக்குக் கடைசியில் அதே கம்ப்யூட்டரின் சாட்சிதான் தேவைப்பட்டது என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.